சிவப்பு விளக்கில் மூன்று கோப்பை

சந்தையில் அவருக்கு மூக்கர் என்று பெயர். காப்பிக்கொட்டை மூட்டையைப் பிரிப்பதற்குள், அது எந்த மலையில், எந்தப் பக்கத்துச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார் என்பது பேச்சு. அதில் பாதி மிகை, பாதி உண்மை. இப்போது அந்தப் பாதியும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. அந்த மனிதரின் வீம்பை என்னவென்று சொல்வது! வறுப்பதில் சிக்கல் இல்லை. கொட்டை படபடவென்று வெடிப்பதைக் காதால் கேட்டு, நிறத்தைக் கண்ணால் பார்த்து இறக்கிவிடலாம். ருசி பார்ப்பதுதான் தொல்லை. அவரும் மனைவியும் எதிரெதிரே நின்று ருசி பார்க்கும் மேசையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் சொல்லும் சொல் அடுத்தவர் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். தோன்றியதைத் தாளில் எழுதிக் கவிழ்த்துவைத்து, கடைசியில் இருவரும் ஒன்றாகத் திருப்ப வேண்டும்.

மூக்கர் எதிரே நிற்கும் மனைவியின் முகக்குறிப்பைப் பிடித்துக்கொண்டார். பூவாசம் என்றால் அவளுடைய இரண்டு புருவமும் ஏறும். பழவாசம் என்றால் உதட்டின் இடது ஓரம் சுழிக்கும். கொட்டையில் பழுது இருந்தால் மூக்கு சுருங்கும். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியது இதற்காவது உதவியதே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். தாள்களும் ஒன்றுக்கொன்று பொருந்திக்கொண்டே வந்தன.

இன்று காலை அவள் ஜன்னல்களைச் சாத்தி, தடித்த திரையை இழுத்துவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டாள்.

"என்ன இது?"

"நாளைக்கு ஓட்டல்காரர் வர்றாரில்ல? அவர் இப்படித்தான் சோதிப்பாராம். நிறத்தை வச்சு யாரும் ஊகிக்கக் கூடாதாம். மூணு கோப்பை. ரெண்டுல ஒரே காப்பி, ஒண்ணுல மட்டும் வேற. எது வேறன்னு சரியா சொல்லிட்டா வருஷம் பூரா நம்மகிட்டதான் வாங்குவார். அதான் ஒத்திகை பாத்துடலாம்னு."

மூக்கர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தில் புருவமும் இல்லை, உதடும் இல்லை. கண் இருக்கும் இடத்தில் இரண்டு நிழல் மட்டும் இருந்தது.

அவள் மூன்று கோப்பையிலும் இருந்த காப்பிப்பொடி மேல் வெந்நீரை ஊற்றினாள். பொடி நுரைத்து மேலே வந்து ஏடு கட்டியது. நாலு நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஆவி எழுந்து சிவப்பில் கரைந்தது. சுவர் எங்கே முடிகிறது, ஆவி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அறையே மெதுவாக மிதப்பதுபோல் இருந்தது. கழுவிப் பதப்படுத்திய கொட்டை இது. பழத்தின் சதையை உரித்து, பிசுக்கு போகும்வரை தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தியது. ஒளிந்துகொள்ள இதில் இடமே கிடையாது. மண்ணும் மழையும் அப்படியே தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்தான். ஒளிந்துகொண்டிருப்பவரும் அவர்தான்.

கரண்டியால் ஏட்டை உடைத்துக் குனிந்தார். முன்பெல்லாம் இந்த நொடியில் ஒரு தோட்டமே எழுந்துவரும். இப்போது முகத்தில் சூடு மட்டும் பட்டது. உறிஞ்சினார், துப்பினார், கரண்டியை அலசினார், அடுத்ததை உறிஞ்சினார். லேசான புளிப்பு, பின்னால் மெல்லிய இனிப்பு. மூன்றிலும் அதேதான். ஒரே மலையின் இரண்டு சரிவுகள். வித்தியாசம் எல்லாம் வாசத்தில் இருக்கிறது. அழுகை வந்தது. ஏதாவது ஒரு எண்ணைக் குத்துமதிப்பாக எழுதலாம். இன்று தப்பித்தாலும் நாளைக்கு?

பென்சில் தாளில் வெகுநேரம் நின்றது. பிறகு எழுதிக் கவிழ்த்தார். அவளும் கவிழ்த்தாள். ஒன்றாகத் திருப்பினார்கள்.

அவர் தாளில் 'தெரியலை' என்று இருந்தது.

அவள் தாளில் கோப்பையைப் பற்றி ஒன்றுமே இல்லை. 'இன்னைக்காவது சொல்லிடுங்க' என்று மட்டும் இருந்தது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அடுப்புல பால் தீஞ்சு வீடே நாறிச்சு. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. அன்னைக்கே தெரியும்." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "மூணு மாசமா உங்களுக்குத் தெரியணும்னு புருவத்தைத் தூக்கித் தூக்கி நெத்தியே வலிக்குதுங்க."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நாளைக்கு என்னம்மா பண்றது?"

"ருசி பாக்க மேசைகிட்ட நான் நிக்கறேன். வறுத்தது இவருன்னு சொல்றேன்."

அவர் நடுக்கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "இது எப்படி இருக்கு? வாயைத் திறந்து சொல்லு."

அவள் உறிஞ்சிக் கண்ணை மூடினாள். "எலுமிச்சைப் பூ. பூ உதிர்ந்து ஈர மண்ணுல கிடக்குமே, அந்த மாதிரி. அப்புறம் தேன் வருது. இருங்க... போகலை, இன்னும் இருக்கு."

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் அதே கோப்பையை எடுத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். துப்பவில்லை.