ரிம்மாவின் தக்காளி நாற்று

என் மகன் க்ளேபுக்கு நாக்கு நீளம். கல்யாணமான முதல் கோடையில், நான் வளர்த்த தக்காளியைத் தின்றுகொண்டே, "ரிம்மாவோட அம்மா போடுறதுதான் தக்காளி. இது சும்மா தண்ணி" என்றான். எனக்கு வயிறு எரியாதா?

அந்தச் சம்பந்தி மறு குளிர்காலத்தில் செத்துப்போனாள். அவள் எடுத்துவைத்திருந்த கடைசி விதைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ரிம்மா என்னிடம் வந்தாள். அவர்கள் வீட்டு ஜன்னல் வடக்குப் பார்த்தது, வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

"உங்க ஜன்னல்ல முளைக்க வைங்க அத்தே. இது போனா வேற விதை இல்ல."

தயிர்க் குவளைகளில் மண் நிரப்பி நானே விதைத்தேன். இரண்டு இலை விட்டதும் பார்க்க வந்தவள், குவளைகளைக் கட்டிக்கொள்ளாத குறை. "ரொம்ப நன்றி அத்தே, ரொம்ப நன்றி!" நாற்றுக்கு நன்றி சொன்னால் அது நிற்காது என்று எங்கள் பெர்ம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெற்கத்திக்காரிக்கு யார் சொல்வது? நானும் சொல்லவில்லை.

மறுநாள் வெளியே மூக்கு விறைக்கும் பனி. என் நாற்றுகளை மட்டும் அடுக்களை மேசைக்கு மாற்றினேன். ஜன்னலின் சின்னக் கதவைத் திறந்துவைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். திரும்பியபோது அவளுடையவை வெந்த கீரையாகக் கிடந்தன. கதவைச் சாத்தினேன். சாயங்காலம் ரிம்மா வந்து பார்த்தாள்.

"ஐயோ, என்னாச்சு அத்தே?"

"என்னைக் கேளு! நாத்துக்கு யாராச்சும் நன்றி சொல்வாங்களாடி? வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா பொழச்சிருக்கும்."

நம்பிவிட்டாள், பைத்தியக்காரி. தரையில் உட்கார்ந்து, "நானே கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது.

"அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தே."

"சொல்லல. என்னோடதுல நாலு எடுத்துட்டுப் போ."

ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் தோட்டத்தில், தனிப் பாத்தியில் அவற்றை நட்டாள்.

ஆகஸ்டில் க்ளேப் அந்தச் செடியின் பழத்தை உப்புத் தொட்டுக் கடித்தான். சாறு முழங்கைவரை வழிந்தது.

"பாத்தியாம்மா? இதுதான் அவங்கம்மா தக்காளி! நீயும்தான் இத்தன வருஷமா வளக்குற."

ரிம்மா தட்டைப் பார்த்தபடியே, "ஆமா, எங்கம்மாவோடது" என்றாள்.

என்னுடையதுடா என்று கத்த வாய் திறந்தேன். கத்தினால், அவளுடையது எங்கே என்று கேட்பான். நன்றிக் கதையெல்லாம் அவனிடம் எடுபடாது, பெற்றவளை அவனுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொரு வருஷமும் நான்தான் விதைத்து, நாற்றாக்கி அவளிடம் கொடுக்கிறேன். அவன் தின்றுவிட்டு அந்தச் செத்தவளைப் புகழ்கிறான்.