தொண்ணூற்றொன்பதாம் கோப்பு

மருந்துக் கிடங்கின் குளிர் அறை ஒன்பது மணி நேரம் குளிரில்லாமல் கிடந்தது. எச்சரிக்கைச் செய்தி அனுப்பப்பட்டதாக சர்வரில் பதிவாகியிருந்தது. செய்தி வந்தால் வீட்டிலிருந்து கிளம்பிப் போய்ப் பார்க்கவேண்டிய இரவுப் பொறுப்பு அன்று சித்தப்பாவுடையது. அவர் போகவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்.

முந்தைய நாள் அந்த சர்வரில் ஓடும் எச்சரிக்கைச் சேவையின் அமைப்புகளை, அதே கிடங்கில் புதிதாகக் கணினி வேலைக்குச் சேர்ந்திருந்த அவள் ஒழுங்குபடுத்தியிருந்தாள். பல வருடங்களாகப் பலர் கைவைத்த ஒரே நீளக் கோப்பு. எந்த வரி எதற்கென்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அதைப் பிரித்துச் சிறு கோப்புகளாக்கி வரிசை எண் கொடுத்தாள். பத்து, உணர்கருவிகளுக்கு. இருபது, வெப்ப அளவுகளுக்கு. முப்பது, செய்தி போகவேண்டிய கைபேசி எண்ணுக்கு. முன்பு இரவுப் பொறுப்பில் இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டதால் அதில் சித்தப்பாவின் எண்ணைப் போட்டாள். பழைய நீளக் கோப்பை அழிக்க மனம் வரவில்லை. கண்ணில் படாமல் அடியில் கிடக்கட்டும் என்று தொண்ணூற்றொன்பது என எண் கொடுத்து அதே ஃபோல்டரில் விட்டுவைத்தாள். சோதித்துப் பார்க்கவில்லை. பார்க்க அழகாக இருந்தது.

சேவை அந்த ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புகளையும் எண் வரிசைப்படி படிக்கும். ஒரே விஷயத்தை இரண்டு கோப்புகள் சொன்னால், கடைசியாகப் படித்ததுதான் செல்லும். இது அவளுக்குத் தெரியாத விதி அல்ல. செய்தி, வேலையை விட்டுப் போனவரின், இப்போது பயன்பாட்டில் இல்லாத எண்ணுக்குப் போயிருந்தது.

மறுநாள் முறையான விசாரணை. வேலை போகலாம் என்று பேச்சு. சித்தப்பா கூடத்தில் நின்று வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். படிப்பு முடிந்து வந்ததிலிருந்து அவள் இவர்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

"இடியே விழுந்தாலும் உங்க சித்தப்பா குறட்டை நிக்காது. இதுல டொய்ங்னு ஒரு மெசேஜ் எந்த மூலைக்கு?" என்றாள் சித்தி உள்ளேயிருந்து.

"வரலைன்னு சொல்றேன்ல."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுதாக்கும்!"

சித்தப்பா காலரைத் திருப்பிப் போட்டார். பிறகு அவள் பக்கம் குனிந்து, சித்திக்குக் கேட்காத குரலில், "ஒருவேளை தூக்கத்துல நானே அழிச்சிட்டேனோ என்னவோம்மா. வயசாகுதுல்ல. நாளைக்கு மன்னிப்பு கேட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"உங்களுக்கு மெசேஜ் வரவே இல்ல சித்தப்பா. நான் பழைய கோப்ப எடுக்காம விட்டுட்டேன். அதுல இருந்த பழைய நம்பருக்குப் போயிடுச்சு."

அவர் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அப்ப நான் தூங்கலையா?" சமையலறைப் பக்கம் திரும்பினார். "கேட்டியாடி? நான் தூங்கல!" மறுபடி அவளிடம், "பயப்படாதம்மா, பழக்கமில்லாத வேலை, தப்பு வரத்தான் செய்யும். நாளைக்கு நீயும் கூட வா. அந்தக் கோப்ப அவங்ககிட்ட காட்டிடு, போதும்."

சித்தி ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"காட்ட முடியாது" என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

"காட்ட முடியாது சித்தப்பா. விஷயம் தெரிஞ்ச அன்னிக்குக் காலையில, உங்கள முதல்ல கூப்பிட்டுக் கேக்கறதுக்கு முன்னாடியே, நான் அத அழிச்சிட்டேன்."

இஸ்திரிப் பெட்டியை அவர் சட்டைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.