துடைத்து வைத்த இலைகள்

பூஞ்சை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவள், சீக்குப் பிடித்த ஒரு செடியைக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்து வந்தாள். இலைமேல் மாவு தூவியதுபோல் படரும் சாம்பல் நோய்ப் பூஞ்சைகள் ஒரு தனிக் குடும்பம். உயிருள்ள செடியில்தான் வளரும். கண்ணாடித் தட்டில் என்ன ஊட்டினாலும் எட்டிப் பார்க்காது. அந்த வெள்ளை மாவை மட்டும் பார்த்து இன்ன பேரினம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பருவம் முடியும் சமயத்தில் ஊசிமுனை அளவில் கறுப்பு உருண்டைகள் வரும். அவற்றின் முடிகள் கொக்கியா, கிளையா, உள்ளே வித்துப் பை ஒன்றா, பலவா என்று பார்த்தால்தான் பிடிபடும். இந்தச் செடியில் இருப்பது எது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

"இன்னும் தட்டுல வளரலையா?" என்று மேலாளர் வாராவாரம் குடைந்தார். வளராது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஆய்வகத்தில் வெயில் விழாததால் தொட்டியை வீட்டுப் பால்கனிக்குத் தூக்கி வந்திருந்தாள்.

அன்று காலை உருண்டைகள் தென்பட்டன, மஞ்சளாக, இன்னும் முற்றாமல். மாலை ஓட்டமும் நடையுமாக வீடு வந்தால், கணவன் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"செடியப் பாத்தியா? மருந்தடிச்சு, ஒவ்வொரு இலையா துடைச்சு விட்டேன். பளபளன்னு இருக்கு!"

"யாருங்க உங்கள அடிக்கச் சொன்னா?"

"பாவம், சீக்கா கெடந்துச்சே..."

"அந்தச் சீக்குதாங்க என் வேலையே!"

அவன் முகம் சுண்டிப்போனது. பிறகு மெல்லச் சொன்னான். "எங்க ஆபீஸ் பின்னாடி இதே செடிதான் வேலி. அதுலயும் மாவு பாத்தேன்."

மறுநாள் இருவரும் போனார்கள். வேலியை அப்போதுதான் மொட்டையடித்திருந்தார்கள். அவளுக்கு அழுகை முட்டியது. அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வெட்டிப் போட்ட குப்பையைக் கிளறினான். வெகுநேரம் கழித்து, கறுப்புப் புள்ளிகளுடன் ஓர் இலை கிடைத்தது.

ஆய்வக நுண்ணோக்கியில் வைத்து மெதுவாக அழுத்தினாள். உருண்டை வெடித்துப் பைகள் வெளியே வந்தன. ஒன்றல்ல, பல! ஒற்றைப் பை கொண்ட பேரினங்கள் எல்லாம் பட்டியலிலிருந்து நீங்கின. ஆனால் குப்பையில் உரசி உரசி முடிகள் அத்தனையும் முறிந்திருந்தன; கொக்கியா, கிளையா என்று சொல்ல வழியில்லை. வேறு உருண்டைகளிலும் அதே கதி.

போனில் அவன் ஆவலாகக் கேட்டான். "கெடச்சிருச்சா?"

"பாதி."

"அப்ப பாதி பாஸா?"

"வைங்க போனை" என்றாள். இன்னொரு பருவம் காத்திருக்க வேண்டும்.