பன்னிரண்டுக்குப் பத்து

கூடலூர்ப் பக்கம் வீடு கட்ட என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இப்போது "பன்னெண்டுக்குப் பத்து" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். பன்னிரண்டு அடி நீளம், பத்து அடி அகலம், ஒரு கதவு, ஒரு ஜன்னல், மேலே ஓடு. மாசியில் தொடங்கினால் மழைக்கு முன்னால் குடியேறிவிடலாம். கடன் கழுத்தை நெரிக்காது, ராத்திரி தூக்கம் வரும்.

முதலில் எனக்கு இந்த அளவைக் கேட்டாலே எரிச்சல் வரும். அவிநாசியிலிருந்து என் அப்பா மலையேறி வந்த நாள் முதல் எங்கள் குடும்பத்துக்குக் கொத்து வேலைதான். பங்களாவுக்குச் சுவர் வைத்த கை இது என்று டீக்கடையில் நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்லாததால். இந்த நாச்சிமுத்துவைப் போய்க் கோழிக்கூண்டு கட்டச் சொன்னால் எப்படி இருக்கும்?

அப்படி முதலில் சொன்னவள் சின்னம்மை. எழுபத்தெட்டாம் வருஷம்.

அவளும் புருஷன் எல்லப்பனும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இங்கேயும் எஸ்டேட்டில்தான் வேலை. அவளுக்குக் கொழுந்து பறிப்பது, அவனுக்குத் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து. ஸ்ரீமதுரை போகிற வழியில் ஐந்து சென்ட் நிலம் வாங்கி, வீடு கட்டக் கிடைத்த அரசாங்கக் கடனின் முதல் தவணையில் எல்லப்பன் அஸ்திவாரம் போட்டிருந்தான். மேலே சுவர் எழுப்பத்தான் என்னைக் கூப்பிட்டான்.

போய்ப் பார்த்து அசந்துபோனேன். மூன்று அறை, நடுவில் ஹால், பின்னால் சமையலறை. கல்கட்டு முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது, பணம் அதோடு தீர்ந்திருந்தது. சுவர் எழும்பினால்தான் அடுத்த தவணை. ஒரு மழைக்காலம் முழுக்க அதில் தண்ணீர் தேங்கி, மூன்று அறையிலும் தவளைகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அதன் மேல் நின்றுகொண்டு, "இது ஹாலு, இங்கிட்டு வர்றவுங்க ஒக்காருவாங்க" என்று எல்லப்பன் எனக்குக் கை காட்டினான். ஆள் கனவில் மிதந்துகொண்டிருந்தான்.

சின்னம்மை கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். சிலோன்காரர்களுக்குக் கொத்தனார் என்றால் மேசன்.

"மேசன், எனக்கு ஒத்தக் காம்பரா போதும். அத மட்டும் எழுப்பிக் குடுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங்க, ஊடே எழும்பக் காணோம், அதுக்குள்ள கேமரா எதுக்குங்க?" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் தவளைகள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டன. "போட்டோ புடிக்கிறது இல்ல மேசன். காம்பரான்னா அறை. தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்துல ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. நாங்க அப்புடித்தான் சொல்லுவோம்."

எல்லப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தச் சொல்லே வாயில வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல? பொறந்தது காம்பராவுல, கட்டிக்கிட்டது காம்பராவுல. கடலத் தாண்டி வந்து, நம்ம பேருல கடன வாங்கி, நம்மளே ஒரு காம்பராவக் கட்டிக்கிட்டா நாலு பேரு சிரிக்க மாட்டானா?"

அவன் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த அஸ்திவாரத்தை நிரப்ப அவன் ஆயுசு போதாது என்றும் தெரிந்தது. ரொம்ப யோசித்து, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு ஒரு வழி சொன்னேன்.

"பக்கத்து நெலம் நல்லசாமியுதுதானுங்களே? அவருங் கட்டோணும்னு சொல்லிட்டுத்தான் இருக்கறாரு. ரெண்டு ஊடும் ஒட்டுனாப்புல கட்டிப்போடலாமுங்க. நடுவால ஒரே செவுரு. கல்லு மிச்சம், கூலி மிச்சம், ஆளுக்கு ரெண்டு அறை தேறும். நடுச்செவுத்த ஏழடியோட நிறுத்திட்டமுன்னா பொகையும் போயிருமுங்க."

எல்லப்பன் முகம் மலர்ந்தது. சின்னம்மை, "நடுச்செவரு வேணாம்" என்றாள்.

"ஏனுங்க வேண்டாங்கறீங்க? காரணஞ் சொல்லுங்க" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. என் புத்தியை யாராவது தட்டிக்கழித்தால் எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும்.

அவள் கல்கட்டின் மேல் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்க லயத்துலயும் அப்புடித்தான் மேசன். செவரு ஏழடியோட நின்னுரும், மேல கூரை பொது. பக்கத்துக் காம்பராவுல மொளகா வறுத்தா நம்ம கண்ணு எரியும். புருசன் பொஞ்சாதி பேச்செல்லாம் காதோட காதா. எங்களுக்கு மூணு வயசுல ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு. காச்சல் வந்து, ஒரு நா விடியக்காலம் போயிருச்சு. அன்னைக்கின்னு பாத்துப் பக்கத்துக் காம்பராவுல கல்யாணம். பொண்ணு மனையில ஒக்காரப் போகுது. எழவுச் சத்தம் கேட்டா தாலி கட்டுவாங்களா? சும்மாவே பல தடவ தட்டிப்போன சம்பந்தம். அதனால புள்ளய மடியில வச்சுக்கிட்டு வாய மூடி ஒக்காந்திருந்தேன். மேளச் சத்தம் ஓஞ்சதும் அழலாம்னு பாத்தா வரல. இன்ன வரைக்கும் வரல. அதுக்கப்புறம் ரெண்டு லயம் மாறிட்டோம், எல்லாத்துலயும் அதே அரச் செவரு."

கொஞ்சம் நிறுத்தி, "இவருதான் என் வாயப் பொத்துனாரு. தப்புன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணும் நல்லாருக்கணும்ல" என்றாள்.

எல்லப்பன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எம்புட்டுச் சின்னதா இருந்தாலும் சரி மேசன். நாலு செவரும் எனக்கே வேணும். கூரையில போயி முட்டணும்."

எல்லப்பன்தான் பதில் சொன்னான்.

"அவ சொல்ற மாதிரியே எழுப்பிருங்க மேசன். பன்னெண்டுக்குப் பத்து."

மறுநாளே ஹாலையும் மற்ற அறைகளையும் எல்லப்பன் தன் கையாலேயே பிரித்தான். அந்தக் கல் பாதிச் சுவருக்கு ஆனது. வருகிறவர்கள் உட்காருவார்கள் என்று அவன் காட்டிய இடத்தில் சின்னம்மை பீன்ஸ் ஊன்றினாள். ரோட்டில் போகிறவர்கள் நின்று, "என்ன நாச்சிமுத்து, பம்பு ரூமா?" என்று கேட்டார்கள். போய் வேலையைப் பாருங்கள் என்றேன். அதைவிட மோசமாகவும் சொன்னேன்.

சின்ன வீடு என்பதால் வேலை ஓடியே போனது. பங்குனியில் சுவர் கூரையைத் தொட்டது, தவணையும் வந்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராகத் தனியாக வர ஆரம்பித்தார்கள். நல்லசாமி ஒரு கயிறோடு வந்து, உள்ளே குறுக்கும் நெடுக்கும் அளந்து, "நமக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுருங்களேன்" என்றார். சித்திரை முடிவதற்குள் ஏழு குடும்பம் சொல்லிவைத்தது. அதில் இரண்டு பேருடைய அஸ்திவாரத்திலும் தவளைதான்.

ஓடு போட்டு முடித்ததும் சின்னம்மை ஏணியில் ஏறினாள். சுவரும் ஓடும் சேருகிற இடத்தில் இருந்த ஒவ்வொரு சந்திலும் களிமண்ணைக் குழைத்து, பழந்துணியை வைத்து அடைத்தாள். மூன்று நாள் அந்த வேலை நடந்தது.

"ஏனுங்க, காத்து வர வேண்டாமுங்களா?" என்று கேலி செய்தேன்.

"சன்னல் இருக்குல்ல" என்றாள்.

வைகாசியில் ஒரு நாள் காலையில் பால் காய்ச்சினார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை உள்ளே சுற்றிப் பார்த்தார்கள், சுற்ற அதிக நேரம் ஆகவில்லை. எல்லாரும் போன பிறகு நான் கிளம்பலாம் என்று எழுந்தேன். சின்னம்மை தடுத்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய போயி நில்லுங்க. நான் உள்ள இருந்து கூப்புடுறேன். கேக்குதா இல்லையான்னு சொல்லணும்."

வெளியே வந்து பீன்ஸ் செடிகளுக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் ஜன்னலைச் சாத்தினாள், கதவைத் தாழ் போட்டாள். கட்டியவன் நான், எனக்குத் தெரியாதா? சுவர் கல் சுவர்தான், ஆனால் கதவு வெறும் ஒற்றைப் பலகை. ஓடு சத்தத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்குமா?

"பேச்சி!"

பக்கத்தில் நின்று கூப்பிட்டதுபோல் கேட்டது.

"பேச்சி! அடி பேச்சி! எந் தங்கம்!"

எல்லப்பன் அப்படியே செடிகளுக்கு நடுவில் குந்திவிட்டான். மகள் பேரை அவள் வாயிலிருந்து அவன் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஓட்டைப் பார்த்தேன்.

தாழ் திறந்தது. சின்னம்மை வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"கேட்டுச்சா மேசன்?"

எல்லப்பன் தலையைத் தூக்கவில்லை. நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரு சத்தமும் வரலீங்க" என்றேன். "கூப்புட்டீங்களா என்ன?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அழுகை ஆரம்பித்தது. முதலில் விக்கல் மாதிரி, பிறகு அடிவயிற்றிலிருந்து. எல்லப்பன் எழுந்து வந்து என் கையைப் பிடித்தான், நடங்கள் என்று கண்ணால் காட்டினான். ரோட்டில் இறங்கி, நல்லசாமி நிலத்தைத் தாண்டி, பாலத்தையும் தாண்டி, அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்காமல் போகிற தூரம் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தோம்.