குளம்பில்லாத ஒட்டகச்சிவிங்கி

அன்று காலை அக்கா மகனை நான்தான் அளந்தேன். நூற்றியொரு சென்டிமீட்டர். கதவு நிலையோடு ஒட்டி நிற்க வைத்து, தலையில் புத்தகத்தைப் படுக்கப் பிடித்து, பென்சிலால் கோடு போட்டேன். மூன்று முறை. நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எதையும் மூன்று முறை அளந்த பிறகுதான் எழுதுவோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

அவனுக்கு நான்கு வயது. உருண்டை என்று கூப்பிடுவோம். அவனுடைய அக்காவை வாலு என்போம், அவளுக்கு ஏழு. பொருட்காட்சியில் சங்கிலி ராட்டினம் ஏற நூற்றிப்பத்து வேண்டும் என்று பள்ளியில் விசாரித்து வைத்திருந்தாள்.

"உனக்கு இன்னும் ஒன்பது பாக்கி. நீ போயி ஆட்டுக்குட்டியப் பாரு," என்றாள்.

உருண்டை பொருட்காட்சித் திடல் வரும் வரை அழுதான்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. கிளம்பும்போது என்னிடம் தனியாகச் சொன்னாள். "ரெண்டு பேரையும் கண்ணுலயே வச்சுக்க. உங்க அத்தான் போட்டோ எடுக்கறதோட சரி."

அத்தான் கெட்டவர் இல்லை. யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவார். எட்டு வருடமாக அதற்கு நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மாடு, ஆடு, பரிசு வாங்கிய பூசணிக்காய் எல்லாம் பார்த்து முடித்து ராட்டினத்துக்கு வந்தோம். வாசலில் பலகையில் வெட்டிய ஒட்டகச்சிவிங்கி ஒன்று கம்பத்தில் கட்டப்பட்டு நின்றது. அதன் மேல் சிவப்புக் கோடு. 110 செ.மீ. கழுத்தில் விசில் மாட்டிய ஆள் உருண்டையை அதன் பக்கத்தில் நிறுத்தினான். தலை கோட்டைத் தொட்டது.

"ஓகே, உள்ள போ."

உருண்டை என்னைப் பார்த்தான். "சித்தி, நான் வளந்துட்டேன்."

"மாட்டைப் பாத்ததுலயே வளந்துட்டான் போல," என்றார் அத்தான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் அளவுதான் தப்போ என்று நினைத்தேன். என் ஒரு சாண் பத்தொன்பது சென்டிமீட்டர். குனிந்து, தரையிலிருந்து சிவப்புக் கோடு வரை சாண் போட்டேன். ஐந்து சாண், மூன்று விரல். நூறு. மறுபடியும் போட்டேன். நூறு. மூன்றாவது முறையும் போட்டேன். அதற்குள் அவனை நாற்காலியில் உட்கார வைத்துக் குறுக்கே சங்கிலி மாட்டிவிட்டார்கள். அந்த மூன்றாவது முறையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

நிமிரும்போதுதான் கவனித்தேன். ஒட்டகச்சிவிங்கிக்குக் குளம்பு இல்லை. நான்கு காலும் ஒரே நேராக அறுக்கப்பட்டிருந்தன. அறுத்த இடத்தில் மரம் புதிதாக வெள்ளையாகத் தெரிந்தது. இது கவனக்குறைவு இல்லை. ஒருவன் உட்கார்ந்து, யோசித்து, அளவு பார்த்து, ரம்பம் போட்டிருக்கிறான். இன்னும் நாலு பிள்ளைகள் ஏறட்டும் என்று.

அத்தானிடம் ஓடினேன்.

"அத்தான், அவன இறக்குங்க."

அவர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். "ஏன், நீ ஏறணுமா?"

"அவன் நூத்தியொண்ணுதான். பலகைய அறுத்திருக்காங்க."

"ஒன்பது சென்டிமீட்டருக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நாலு சுத்துதானே. நான் பாத்துக்கிட்டேதான இருக்கேன்."

"நீங்க பாத்துக்கிட்டிருந்தா விழமாட்டானா?"

அவர் பின்னால் நின்றவர்களிடம் திரும்பினார். "ஊமைக்கோட்டான் வாயத் தொறந்துடுச்சு." இரண்டு பேர் சிரித்தார்கள்.

விசில்காரன் விசிலை வாயில் வைத்தான். நான் தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய் உருண்டையின் நாற்காலி முன்னால் நின்றேன்.

"ஏம்மா, இங்கல்லாம் வரக்கூடாது. வெளிய போ."

"விசில ஊதாதீங்க."

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"பையன் கோட்டத் தொட்டுட்டான்ல? அப்புறம் என்ன?"

"கோடு சரி. ஒட்டகச்சிவிங்கியோட பாதம் எங்க?"

அவன் பலகையைப் பார்த்தான். பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மழையில ஊறிப்போச்சு. வெட்டிட்டாங்க."

"அப்ப கோட்டையும் மேல ஏத்தியிருக்கணும்."

"நான் சம்பளத்துக்கு நிக்கிறவன். என்கிட்ட வந்து குதிச்சா?"

"ஊதப்போறது நீங்கதான?"

அவனிடம் பேசிப் பயனில்லை. உருண்டையின் இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தேன். சங்கிலியைக் கழற்றவில்லை. மெதுவாகத்தான் இழுத்தேன். தலையணை உறையிலிருந்து தலையணை வருவதுபோல வந்தான். சட்டை சுருண்டது, முகவாய் சங்கிலிக்குக் கீழே நழுவியது, முழுப் பிள்ளையும் என் கையில் இருந்தான். மாட்டிய சங்கிலி மாட்டியபடி ஆடியது.

வரிசையில் சிரிப்பு நின்றது. நீலப் புடவை கட்டிய அம்மா ஒருத்தி பின் நாற்காலியிலிருந்த தன் மகளைக் கூப்பிட்டாள். "இறங்குடி." பிறகு என்னைக் கேட்டாள். "நிஜமான நூத்திப்பத்து எதுவரைக்கும்மா வரும்?"

உருண்டையின் தலை என் முழங்கைக்கு வரும். அதற்கு அரைச் சாண் மேலே நூற்றிப்பத்து. அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் மகளை என் பக்கத்தில் நிறுத்தினாள். விரலுக்கு வெகு கீழே நின்றது தலை. எத்தனையோ முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. விரலை எடுக்கவில்லை.

வாலு ஓடிவந்து நின்றாள். அவள் தலை விரலைத் தாண்டியது.

"நான் ஏறலாம்ல சித்தி?"

"வேணாம். பலகைய அறுத்தவங்க சங்கிலிய மட்டும் ஒழுங்காவா வச்சிருப்பாங்க?"

அவளிடம்தான் சொன்னேன். வரிசைக்கும் கேட்டுவிட்டது. ஒவ்வொரு நாற்காலியாகக் காலியானது.

திடலுக்கு வெளியே வந்தோம். அத்தான் வாசலில் நின்றார்.

"அத்தன பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்ட."

உருண்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"சரி விடு. உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடாத."

"சொல்லுவேன் அத்தான். மூணு தடவ சொல்லுவேன்."

இடுப்பில் இருந்த உருண்டை இரண்டு கையாலும் என் தோளில் குத்திக்கொண்டே வந்தான். "நான் வளந்துட்டேன். நீதான் தப்பா அளந்த." வலித்தது. அடிக்கட்டும் என்று இறக்கிவிடாமல் நடந்தேன்.