சொந்த விருப்பத்தின் பேரில்

1994 மே பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, காலை பதினோரு மணி. ஒன்பதாம் வகுப்பு முடிவுகளைப் பன்னிரண்டு மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பட்டியலில் ஒரே ஒரு பெயருக்கு எதிரே மட்டும் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை.

கீதா பட்டியலைத் தலைமையாசிரியரின் மேசைமேல் வைத்தாள். அந்த வகுப்பின் ஆசிரியை அவள்தான். ஒன்பது, பத்து இரண்டுக்கும் கணக்கு எடுப்பவளும் அவள்தான்.

“இன்னும் யாரு?” என்றார் வெங்கடபதி.

“லோகப்பிரியா சார். அப்பா வந்திருக்கார். வெளிய உட்கார்ந்திருக்கார்.”

“மத்த எட்டுப் பேரு?”

“எழுதிக் குடுத்துட்டாங்க சார்.”

பள்ளியின் நடைமுறை இது. ஒன்பதாம் வகுப்பில் ஏதாவது ஒரு பாடத்தில் முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கிய பிள்ளையின் வீட்டுக்கு, ‘தேர்ச்சி, நேரில் வரவும்’ என்று தபால் அட்டை போகும். பெற்றோர் வந்து, சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்பதாகக் கடிதம் எழுதித் தர வேண்டும். தந்தால் பிள்ளை தேர்ச்சி. பத்தாம் வகுப்பை வேறு பள்ளியில் படித்துக்கொள்ளலாம். தராவிட்டால் தோல்வி, இங்கேயே இன்னொரு வருடம் ஒன்பது. பள்ளி வாசலில் நீலப் பலகை ஒன்று இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி: 1991 நூறு விழுக்காடு, 1992 நூறு, 1993 நூறு. அதற்குக் கீழே அடுத்த வருடங்களுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

பொங்கியண்ணன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய நேந்திரம் சீப்பு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவோரம் தரையில் வைத்தார். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி ஒன்றில் எடை போடுபவர் அவர். சட்டைப்பையில் பேனாவும் நாலாக மடித்த காகிதங்களும் புடைத்துக்கொண்டிருந்தன.

“புள்ள பாஸுன்னு கார்டு வந்துச்சுங்க. ரொம்பச் சந்தோசமுங்க. அவங்கம்மா அங்காளம்மனுக்கு வெளக்குப் போட்டுட்டு வந்தாளுங்க.”

“உட்காருங்க” என்றார் வெங்கடபதி. “பாஸ்தான். அதுக்கு ஒரு லெட்டர் மட்டும் வேணும். இத பாத்து அப்படியே எழுதிக் குடுத்துருங்க.”

மேசைக் கண்ணாடிக்கு அடியில் மாதிரிக் கடிதம் இருந்தது. பொங்கியண்ணன் குனிந்து படித்தார். உதடு அசைந்தது.

“குடும்பச் சூழ்நிலை காரணமாக வெளியூர் செல்ல இருப்பதால்னு போட்டிருக்குதுங்க.”

“ஆமாங்க.”

“நாங்க வெளியூர் போகலீங்களே.”

“அது சும்மா ஒரு காரணத்துக்குங்க. டி.சி. வேணும்னா காரணம் எழுதணும்.”

“டி.சி. வேண்டாமுங்களே. பாஸுன்னா இங்கியே பத்தாவது படிக்கட்டுமுங்க.”

வெங்கடபதி கீதாவைப் பார்த்தார். அவள் பேசினாள்.

“கணக்குல இருபத்தொன்பது வாங்கியிருக்காங்க. முப்பத்தஞ்சு வேணும்.”

“அப்பப் பெயிலுங்களா?”

“லெட்டர் குடுத்தாப் பாஸ்” என்றார் வெங்கடபதி.

பொங்கியண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நிதானமாகத் தராசு முள் நிற்பதற்குக் காத்திருப்பவர்போல இருந்தார்.

“எனக்குப் புரியலீங்க சார். ஒரு மூட்டைக்கு ஒரு எடைதானுங்க வரும்.”

“இது மண்டி இல்லீங்க, பள்ளிக்கூடம்.”

“தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளையச் சேக்கறப்ப டைரி குடுத்தீங்க. பின்னால இருபத்திரண்டு விதி போட்டிருந்துச்சுங்க. ரெட்டை ஜடை, பச்சை ரிப்பன், லீவுக்கு லெட்டர், ஒம்பது இருவதுக்கு கேட்டு சாத்தீருவாங்க. எல்லாம் படிச்சுப்போட்டுத்தானுங்க கையெழுத்துப் போட்டன். இது அதுல இல்லீங்க.”

“இது விதி இல்லீங்க. நடைமுறை.”

“சரீங்க” என்றார் பொங்கியண்ணன்.

வெங்கடபதி வெள்ளைத் தாள் ஒன்றைத் தள்ளினார். குரலைத் தாழ்த்தி, நல்லவிதமாகவே சொன்னார். “லெட்டர் குடுக்கலைன்னா நான் பெயில்னு ஒட்டணும். உங்க இஷ்டம். பொம்பளப் புள்ள. யோசிச்சுக்குங்க.”

“பெயிலுன்னு ஒட்டாதீங்க சார். பெயிலுன்னா மில்லுக்கு அனுப்பிப்போடோணும்னு ஊட்டுல சொல்லிட்டிருக்கறாங்க. என்ற மச்சான் ரண்டு வாட்டி வந்து கேட்டுட்டுப் போயிட்டாரு. புள்ள படிக்கோணுமுங்க. எழுதறனுங்க. நடந்தத எழுதிப்போட்டாப் போதுமுங்களா?”

“ஏதோ ஒண்ணு, எழுதுங்க.”

பொங்கியண்ணன் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். நீலக் கார்பன் தாள். அதை வெள்ளைத் தாளுக்கு அடியில் வைத்து, இன்னொரு தாளை அதற்கும் கீழே வைத்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து எழுத ஆரம்பித்தார். மூச்சை அடக்கி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

ஆயா ராசாத்தாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எட்டிப் பார்த்தாள்.

“காலைல வந்தவங்கெல்லாம் ரண்டே நிமிசத்துல எழுதிக் குடுத்துப்போட்டுக் காப்பிக்குப் போயிட்டாங்க. இந்தண்ணன் என்னமோ கிரயப் பத்திரம் எழுதறாப்பல இருக்குது.”

“போ ராசாத்தா” என்றார் வெங்கடபதி.

கடிதம் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. வெங்கடபதி வாங்கிப் படித்தார். படித்துவிட்டுக் கீதாவிடம் நீட்டினார்.

‘என் மகள் லோகப்பிரியா கணக்குப் பாடத்தில் 29 மதிப்பெண் பெற்றுள்ளாள். ஆறு மதிப்பெண் குறைவு. இந்தக் கடிதத்தைக் கொடுத்தால் தேர்ச்சி என்றும், கொடுக்காவிட்டால் தோல்வி என்றும் தலைமையாசிரியர் ஐயா அவர்கள் கூறினார்கள். ஆகவே அவர்கள் கேட்டுக்கொண்டபடி மாற்றுச் சான்றிதழ் வழங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் வெளியூர் செல்லவில்லை.’

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

“ஏனுங்க, என்ன மாட்டிவிடப் பாக்கறீங்களா?” என்றார் வெங்கடபதி.

“அய்யய்யோ, இல்லீங்க. நீங்க சொன்னதத்தானுங்க எழுதுனன். எங்காச்சும் தப்பா இருக்குதுங்களா?”

தப்பாக எதுவும் இல்லை. வெங்கடபதி கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். மேசையில் கார்பனும் அதன் அடியில் இன்னொரு தாளும் இருந்தன.

“அது என்ன?”

“நகலுங்க. மண்டில விவசாயிக்கு ஒண்ணு, யாவாரிக்கு ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு. கை அப்படியே பழகிப்போச்சுங்க. உங்களுக்கு வேணுமின்னா வெச்சுக்குங்க.”

இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டினார். வெங்கடபதி அதைக் கிழிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்து மூடினார்.

“டீச்சர், கொஞ்சம் நீங்க எடுத்துச் சொல்லுங்க. நான் டி.இ.ஓ. ஆபீசுக்கு ஒரு போன் பேசிட்டு வாரேன்.”

அவர் பக்கத்து அறைக்குப் போனதும் கீதா எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். என்ன சொல்வது என்று யோசிக்க ஒரு நிமிடம் தேவைப்பட்டது. அவள் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. தகுதிகாண் பருவம் முடிய இன்னும் பத்து மாதம். அதற்கான அறிக்கையை எழுதுவது வெங்கடபதி.

லோகப்பிரியா தூணருகே நின்றிருந்தாள். விடுமுறையிலும் பச்சை ரிப்பன் கட்டியிருந்தாள்.

“அப்பா எழுதிட்டாருங்களா மிஸ்?”

“எழுதினார். வேற எழுதணும்.”

“அவரு அப்படித்தானுங்க மிஸ். ஒருவாட்டி லீவ் லெட்டர்ல, காய்ச்சல் இல்லை, காலையில் எழுந்திருக்கவில்லைன்னு எழுதிக் குடுத்தாரு. நீங்க கிளாஸ்ல படிச்சுக் காட்டினீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.”

கீதாவுக்கு நினைவிருந்தது. அவளும்தான் சிரித்தாள்.

“அடுத்த ஸ்கூல் எதுன்னு முடிவு பண்ணியாச்சா?”

“கார்டு வந்தவங்கெல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம் கவர்மெண்ட் ஸ்கூலுக்குத்தானுங்க போறாங்க. ஏழு நாப்பது பஸ்ஸுக்குப் போகோணும். அங்க கணக்கு யாரு மிஸ் எடுக்கறாங்க?”

“தெரியலம்மா.”

தெரியும். ஜனவரியிலிருந்து அங்கே கணக்குக்கு ஆள் இல்லை. மாறுதலாகிப் போனவர் இடம் நிரப்பப்படவில்லை. போன மாதம் விடைத்தாள் திருத்தும் முகாமில் அந்தப் பள்ளி ஆசிரியை ஒருவர் சொல்லியிருந்தார்.

“காலாண்டுல ஒம்பது மிஸ். அரையாண்டுல பதினெட்டு. இப்ப இருவத்தொம்போது” என்றாள் லோகப்பிரியா. அவள் கெஞ்சவில்லை. விடை சரியா என்று கேட்பதைப்போலச் சொன்னாள்.

அந்த எண்கள் கீதாவிடமும் இருந்தன. விடைத்தாளும் நினைவிருந்தது. வடிவியலில் எல்லாம் சரி. இயற்கணிதத்தில் பக்கம் மாற்றும்போது குறியை மாற்ற மறந்துவிடுகிறாள். ஒரே தவறு, ஆறு இடத்தில். உட்கார வைத்து ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தால் போகக்கூடியது. வராந்தாவில் நின்றபடி அவள் அதைச் சொல்லவில்லை.

உள்ளே போனபோது பொங்கியண்ணன் மாதிரிக் கடிதத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், மூட்டைல மண்ணு இருந்தா, மண்ணுக்குக் கழிவு ரண்டு கிலோன்னு தனியா எழுதுவமுங்க. கெழங்க ரண்டு கிலோ கொறைச்சு எழுதமாட்டமுங்க. யாவாரிக எவ்வளவோ சொல்லிப் பாப்பாங்க. எல்லாம் ஒண்ணுதானப்பா, மொத்தம் ஒண்ணுதான வருதும்பாங்க. மொத்தம் ஒண்ணுதானுங்க. ஆனா கெழங்குல கொறைச்சு எழுதிப்போட்டமுன்னா அப்பறம் கெழங்கே கொறைச்சல்னு ஆயிப்போகுமில்லீங்களா?”

“இதுல உங்க பொண்ணுக்கு ஒரு குறைச்சலும் வராதுங்க. சான்றிதழ்ல பாஸ்னுதான் இருக்கும்.”

“அது சரீங்க. ஆனா நான் வேண்டாமின்னு கூட்டிட்டுப் போனதா ஆயிருமில்லீங்க.”

கீதா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

வெங்கடபதி திரும்பி வந்தார். “என்னாச்சு?”

“எழுத மாட்டேங்கலீங்க சார்” என்றார் பொங்கியண்ணன். “கை வரமாட்டேங்குது. புள்ளைக்குப் பாஸு வேணும். ஒண்ணு பண்ணுங்க. டீச்சரையே எழுதச் சொல்லுங்க. டீச்சர் என்ன எழுதினாலும் நான் கையெழுத்துப் போட்டுத் தாரனுங்க. படிச்சுக்கூடப் பாக்கமாட்டனுங்க.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. எழுதுங்க டீச்சர்.”

கீதா உட்கார்ந்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள். அதுவரை கை தடங்கலின்றி ஓடியது. ஐயா என்று எழுதி வரியை மாற்றினாள். மாதிரியை அவள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து எட்டு முறை படித்திருக்கிறாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக வெளியூர் செல்ல இருப்பதால், என் மகளுக்கு என் சொந்த விருப்பத்தின் பேரில். அவளுடைய உருண்டையான கையெழுத்தில், கரும்பலகையில் எழுதுவதைப்போல, வரி நேராக இருந்தது. எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வெங்கடபதி நின்றபடியே படித்துத் தலையசைத்தார். பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

கீதா கடிதத்தைத் திருப்பிப் பொங்கியண்ணன் பக்கம் வைத்தாள். இங்கே என்று விரலால் காட்டினாள். அவர் சொன்னபடி படிக்கவில்லை. கார்பனையும் எடுக்கவில்லை. பேனாவைக் காட்டிய இடத்தில் வைத்தார். ‘பொ’ மட்டும் போட்டார். பிறகு பேனாவைத் தூக்கினார்.

“கணக்கு எடுக்கறது நீங்கதானுங்க டீச்சர், அதனால உங்களையே கேட்டுக்கறன். புள்ளைய இங்கியே வெச்சிருந்தீங்கன்னா, அவ தேறமாட்டாளுங்களா?”