நாற்பத்து நாலு ரஷ்யன்

ஹார்லன் க்வாமியிடம் இருந்த ஏழு கைத்துப்பாக்கிகளில் ஒன்றுக்குக்கூட எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்காது. அதனால்தான் அவை அவனுக்குப் பிடித்திருந்தன. “அதெல்லாம் எங்க தாத்தா காலத்தோட போச்சுங்க” என்று கடைக்காரன் உதட்டைப் பிதுக்கும்போது ஹார்லனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். ஊரே வேண்டாமென்று ஒதுக்கியது தன் ஒருவன் கையில் உயிரோடு இருக்கிறது என்ற பெருமை.

ஏழிலும் அவன் உயிராக வைத்திருந்தது ‘நாற்பத்து நாலு ரஷ்யன்’ என்ற தோட்டாவைப் போடும் ரிவால்வர். எப்போதோ ரஷ்யப் படைக்காகச் செய்த தோட்டா அது. வேறு தோட்டாவின் பித்தளைக் கூட்டை வாங்கி, அளவாக அறுத்து, ஈயம் உருக்கி வார்த்து, அந்தக் காலத்து வெடிமருந்தான கருமருந்து நிரப்பி, ஒவ்வொன்றாக அவனே செய்துகொள்வான். இந்தக் காலத்துத் துப்பாக்கிபோல அது கையை உதைக்காது. தெரிந்தவர்கள் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதுபோல் மெல்லத் தள்ளும். ‘டும்’ என்று ஒரு கனத்த சத்தம், வெள்ளையாய் ஒரு மூட்டைப் புகை. மாதத்துக்கு ஐந்து சுட்டால் அதிகம். சுட்ட கூடு மண்ணில் விழுந்துவிடாமல் கையில் வாங்கி, ஊதி, சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

“ஊர்ல எல்லாரும் சுடுறதுக்குத் துப்பாக்கி வாங்குறாங்க. என் தம்பி சுடாம இருக்கிறதுக்கு வாங்குறான்” என்பாள் அவனுடைய அக்கா ஐடெல்லா. ஹார்லனைவிட ஆறு வயது பெரியவள். புருஷன் மெர்ல் இறந்துபோனதிலிருந்து பண்ணையின் மேற்கு வீட்டில் தனியாக இருந்தாள். ஹார்லன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, கிழக்கு வீட்டில் இருந்தான். நானூறு மாடுகளை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, ஒரு கிடாரி மந்தையோடு திரும்பவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும், மேலே இரும்புச் சட்டம் மட்டும் இருந்த பண்ணை மோட்டார் வண்டியில் மிசௌரி ஆற்றுப்பக்கத்துப் பள்ளங்களுக்குத் தேடப் போனார்கள். ஐடெல்லாதான் ஓட்டினாள். ஹார்லனின் இடுப்பில் வழக்கம்போல் ரிவால்வர் இருந்தது. உள்ளே ஐந்து தோட்டா, சட்டைப்பையில் ஐந்து.

ஒரு சரிவின் விளிம்பில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஐடெல்லா திருப்பினாள், வண்டி திரும்பவில்லை. இரண்டு குட்டிக்கரணம் போட்டுப் பள்ளத்தின் அடியில் பக்கவாட்டில் விழுந்தது. ஹார்லன் பாதியிலேயே தூக்கி எறியப்பட்டான். எழப் பார்த்தபோது இடது கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. தோளருகே காறை எலும்பு தோலுக்குள் முட்டிக்கொண்டு நின்றது.

“அக்கா?”

“இங்கதான் இருக்கேன். எங்க போவேன்?”

அவளுடைய வலது காலின்மேல் வண்டியின் இரும்புச் சட்டம் படுத்திருந்தது. ஹார்லன் தவழ்ந்து வந்து இடுப்புவாரை உருவி, அவள் தொடையில் இறுக்கிக் கட்டினான். ஒரு கட்டையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தான். கட்டை முறிந்தது, வண்டி அசையவில்லை. இரண்டு போனும் நொறுங்கிப்போயிருந்தன. நாளை மாலை தீவன லாரி வரும்வரை அவர்களை யாரும் தேடப்போவதில்லை. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் அந்தக் களிமண்ணில் எந்தக் கார் சக்கரமும் உருளாது.

“மூணு சுடுடா. ஆபத்துன்னா மூணுன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றாள்.

வானத்தைப் பார்த்து மூன்று சுட்டான். பள்ளம் அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டது. எங்கோ தூரத்தில் யாரோ ரைபிளால் பதிலுக்குச் சுட்டதுபோல் கேட்டது, ஆனால் அது பதிலில்லை. மான் வேட்டைக் காலம். நாள் முழுக்க யாராவது சுட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், எவன் எண்ணிக்கொண்டிருக்கப்போகிறான்?

ரிவால்வரை முறித்துத் திறந்ததும் கூடுகள் எகிறி விழுந்தன. ஹார்லன் குனிந்து பொறுக்கினான்.

“என் கால் போகுது. இவன் பித்தளை பொறுக்குறான்” என்றாள் ஐடெல்லா. சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் முனகலாக மாறியது.

ஹார்லனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கையிலிருந்த கூடுகளைப் புதருக்குள் விசிறி எறிந்தான். “நான் மேட்டுக்குப் போறேன்க்கா. அங்கேர்ந்து சுட்டா கேக்கும்.”

“எந்தக் காலை வெச்சுக்கிட்டுப் போவே?”

ஒரு கையால் புல்லைப் பிடித்து, ஒரு காலால் உந்தி, மல்லாந்தபடி சரிவில் ஏறினான். சாதாரண நாளில் இரண்டு நிமிடத்தில் ஏறிவிடும் மேடு. அன்று ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. நடுவே இரண்டு முறை கண் இருட்டி, வந்த தூரத்தில் பாதி சறுக்கிக் கீழே போனான். கீழேயிருந்து அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். முதலில் திட்டினாள். பிறகு அந்தக் கிடாரியைத் திட்டினாள். பிறகு பேச்சு குறைந்துபோயிற்று.

உச்சியில் படுத்தபடி மூன்று சுட்டான். வெள்ளைப் புகை காற்றில் சாய்ந்து கலைந்தது. யாரும் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து, தொலைவிலிருந்த சாலையில் ஒரு பிக்கப் எறும்புபோல் ஊர்ந்து வந்தது. தொப்பியை ஆட்டினான், தொண்டை கிழியக் கத்தினான், இன்னும் மூன்று சுட்டான். பிக்கப் அதே வேகத்தில் போய் மறைந்தது.

முதல் துளி அவன் நெற்றியில் விழுந்தது.

“ஹார்லன்” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “எத்தனை மிச்சம்?”

“ஒண்ணு.”

“அதை இங்க கொண்டா.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு உனக்குத் தெரியும். கொண்டாந்து என் கையில குடு. உன்னை ஒண்ணும் பண்ணச் சொல்லலை. நானே பாத்துக்கறேன்.”

“அக்கா, யாராவது வருவாங்க.”

“எவனும் வரமாட்டான்டா! என்னால முடியல. நாளைக்குச் சாயங்காலம்வரைக்கும் இப்படிக் கெடன்னா சொல்றே? நான் உங்கிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா?”

கேட்டதில்லை. மெர்ல் செத்த வாரத்தில்கூட மாட்டுக்குத் தீவனம் வைக்க ஒரு ஆள் கேட்டதில்லை. ஹார்லன் அந்தத் தோட்டாவை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ஆகஸ்டில் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்தது. அவன் செய்த தோட்டா ஒன்றுகூட இதுவரை வெடிக்காமல் போனதில்லை. அதைப் பற்றி எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறான். இதுவும் வெடிக்கும், ஏமாற்றாது. கீழே கொண்டுபோனால் அவள் கேட்பதைக் கொடுத்துவிடுவோம் என்று தெரிந்தது. அவள் இன்னும் ஒரு முறை அந்தக் குரலில் கேட்டால், கட்டாயம் கொடுத்துவிடுவான்.

தோட்டாவைப் போட்டு மூடி, வானத்தைப் பார்த்துச் சுட்டான்.

“என்னடா பண்ணினே?”

“தீந்துபோச்சுக்கா.”

“பாவி” என்றாள். அதன் பிறகு அவள் அழுகிற சத்தம் மேலே வந்தது. மெர்லைப் புதைத்த அன்றுகூட அவள் அழுது அவன் கேட்டதில்லை. ஹார்லன் காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தான். ஒரு கைதான் எழுந்தது.

மழை பிடித்துக்கொண்டது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு டிராக்டர் சத்தம் கேட்டபோது காய்ச்சலில் கேட்கிறது என்று நினைத்தான். பச்சை டிராக்டர் ஒன்று, முன்னால் மண் அள்ளும் வாளியோடு, சேற்றைக் கிழித்துக்கொண்டு மேட்டில் ஏறியது. மேலே டூயி ஸ்டோல்ட்ஸ்.

டூயி வடக்குப் பண்ணைக்காரன். ஹார்லனைப்போலவே பழைய தோட்டாப் பைத்தியம். இரண்டு வருடம் முன்பு ஏலத்தில் இதே ரிவால்வருக்கு இருவரும் போட்டிபோட்டு, ஹார்லன் ஒரு முறை கூடுதலாகக் கை தூக்கி வாங்கிவிட்டான். அன்றிலிருந்து பேச்சு கிடையாது.

“யோவ், உயிரோடதான் இருக்கியா?” என்று டூயி குதித்து இறங்கினான். “முதல் மூணு கேட்டப்ப, என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கத்தான் நீ சுடுறேன்னு நெனச்சேன். கருமருந்துச் சத்தம் எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கத்துல வேற எவன்கிட்ட இருக்கு? அடுத்த மூணு கேட்டதும் எந்திரிச்சிட்டேன். மாசத்துக்கு அஞ்சு சுடுற கஞ்சப்பய நீ. கால் மணி நேரத்துல ஆறு சுடுறேன்னா, ஒண்ணு உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கணும், இல்ல நீ செத்துக்கிட்டு இருக்கணும். எந்தப் பள்ளம்னுதான் தெரியாம சுத்தினேன். அப்புறம் ஒண்ணு கேட்டுச்சு, புகையும் தெரிஞ்சுது.” பள்ளத்தில் சுட்ட மூன்றும் அவனுக்குக் கேட்டிருக்கவே இல்லை.

“அக்கா கீழ இருக்கா” என்றான் ஹார்லன்.

டூயி ஓடைவாய் வழியாகச் சுற்றி டிராக்டரை இறக்கினான். சங்கிலி போட்டு வாளியால் வண்டியைத் தூக்கினான். அப்போது ஐடெல்லா போட்ட அலறல் ஹார்லனுக்கு இன்னும் கேட்கிறது. அதோடு அவள் மயங்கிவிட்டாள். டூயி மேட்டில் சிக்னல் தேடி ஓடினான். மழை சற்று விட்ட நேரத்தில் ஹெலிகாப்டர் வந்து இறங்கியது.

பில்லிங்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் ஐடெல்லாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது வாரம் டூயி ஒரு டப்பாவில் பீச் பழ ‘பை’ பலகாரத்தோடு வந்தான். நலம் விசாரித்தான், வானிலை பேசினான், கிடாரி தானாகவே வீடு வந்து சேர்ந்த கதையைச் சொன்னான். கிளம்பும்போது தொப்பியைத் திருகிக்கொண்டே, “அந்த ரஷ்யன்... இப்பவாச்சும் எனக்குக் குடுப்பியா? நல்ல வெலையே தரேன்” என்றான்.

“மாட்டேன்” என்றான் ஹார்லன்.

“தெரியும். கேட்டு வெச்சேன்.”

அவன் போன பிறகு அறையில் அக்காவும் தம்பியும் மட்டும். அன்று நடந்ததில் ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் இதுவரை தொடவில்லை. ஹார்லன் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ அதைக் கீழ கொண்டாந்திருந்தா நான் சுட்டுக்கிட்டிருப்பேன்” என்றாள் ஐடெல்லா. “தெரியுமில்ல?”

“தெரியும்.”

“உனக்கு நான் நன்றி சொல்லணுமாம். அந்த நர்ஸ் சொல்லுது. அவளுக்கு டூயி ஏதோ கதை சொல்லியிருக்கான்.” போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு இன்னும் வரலைடா. வந்தா சொல்றேன்.”

“சரிக்கா.”

“தலகாணியத் திருப்பிப் போடு. ஒரே சூடு.”

கட்டுப்போட்ட தோளோடும் காலோடும் எழுந்து, நல்ல கையால் அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் தலையணையைத் தள்ளித் தள்ளித் திருப்பினான். நேரமாயிற்று. அதுவரை அவள் அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.